எட்டு ஒட்டு

இபாடானில், மொக்கோலா ரவுண்டானாவுக்குப் பின்னால்,
நீலத் தகரம் அடித்த பந்தயக் கடையில்
சீட்டு அச்சடிப்பவள் நான், மொன்சுராத்.
சனிக்கிழமை காலை கண்ணாடித் துளைக்குள்
முதலில் நுழைவது
பஞ்சர் ஒட்டும் சிகிருவின் விரல்கள்.
நகக்கண்ணில் ரப்பர்க் கரி.

எட்டு ஆட்டம். ஐந்நூறு நைரா.
எல்லாமே ஜெயிக்கக்கூடிய அணிகள்தான்,
அவன் ஒன்றும் முட்டாளில்லை.
ஒன்று புள்ளி நாலு, ஒன்று புள்ளி நாலு என்று
தனித்தனியாகப் பார்த்தால் சில்லறை.
கோத்துப் பெருக்கினால்
ஏழாயிரத்து முந்நூற்று எழுபத்தெட்டு.
அந்த எண் திரையில் ஏறும்போது
கண்ணாடியில் அவன் மூச்சுப் படியும்.

பெருக்கல் இரண்டு பக்கமும் நடக்கிறது.
திரை ஒரு பக்கத்தைத்தான் காட்டும்.
நூற்றுக்கு அறுபத்தெட்டு முறை ஜெயிக்கிற அணிகள்
எட்டும் ஒரே நாளில் ஜெயிப்பது
நூறு சனிக்கிழமையில் நாலோ ஐந்தோ.
ஒற்றை ஆட்டம் கட்டுபவனிடம்
கடைக்கு நூற்றுக்கு ஐந்து நிற்கும்,
எட்டைக் கோத்தவனிடம் முப்பத்திரண்டு.
முதலாளிக்கு நீளச் சீட்டுமேல் ஏன் அத்தனை ஆசை,
ஏன் அதற்கு மட்டும் போனஸ் என்று
யாரும் என்னிடம் கேட்டதில்லை.
கேட்டால் சொல்ல எனக்கு அனுமதியுமில்லை.

ஒருநாள் மட்டும் வேறு மாதிரிக் கேட்டுப் பார்த்தேன்:
எட்டு ஒட்டுப் போட்ட டியூபை
லாகோஸ் போகிற வண்டிக்கு மாட்டுவாயா?
"பைத்தியமா? ஒரு ஒட்டு விட்டால் போதுமே"
என்றபடியே
சீட்டை மடித்துத் தொப்பிக்குள் செருகினான்.

இங்கே சீட்டு தோற்றது என்பதில்லை,
அறுந்தது என்பார்கள்.
எட்டில் ஒன்று அறுந்தவன்
அதை ஊரெல்லாம் சொல்லித் திரிவான்,
ஏதோ பாக்கி வரவேண்டியவன் போல.

மழைக்கால முடிவில் ஒரு சனிக்கிழமை
சிகிருவின் ஏழு ஆட்டமும் நின்றன.
எட்டாவது போலந்தில், பனியில்,
அவனுக்குப் பெயர் சொல்ல வராத ஊரில்.
இப்போதே முடித்துக்கொள்கிறாயா என்று
போன் ஒரு தொகையை நீட்டியது:
நாலாயிரத்து எழுநூறு.
பத்து நிமிடம், கோல் இல்லை. நாலாயிரத்து நூறு.
அரை மணி. மூவாயிரத்து அறுநூறு.
ஐஸ்கட்டி உருகுவதைப் பார்ப்பதுபோல்
கடையே அந்தப் போனைப் பார்த்தது.
அறுபதாவது நிமிடம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
என்னை ஒருமுறை பார்த்தான். நான்
அச்சு இயந்திரத்துக்குக் காகிதச் சுருள் மாற்றினேன்.

அமுக்கினான்.

எண்பத்து நாலாவது நிமிடத்தில் கோல் விழுந்தது.

கையில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்,
அவன் பார்த்தது கையை அல்ல.
வராத நாலாயிரத்து நானூற்றெழுபத்தெட்டை
ஒவ்வொரு தாளாக எண்ணிக்கொண்டிருந்தான்.
வெளியே டயரோடு ஒருவன் காத்திருந்து காத்திருந்து
திட்டிவிட்டுப் போனான்.

அடுத்த சனிக்கிழமை ஒன்பது ஆட்டம்.
அதற்கடுத்த வாரம் பதினொன்று, ஆயிரம் நைரா,
காற்றடிக்கும் மெஷினுக்கு வைத்திருந்த
பெட்ரோல் பணம் என்று பின்னால் தெரிந்தது.
போனதைப் பிடிக்க ஓடுபவனுக்கு
வேகம் கூடும், கண் குறையும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.
ஊழியர் ஆடக்கூடாது.
சாபோவில் வேறொரு கடையில் நானும் கட்டுகிறேன்,
தங்கை பெயரில்.
மூன்று ஆட்டத்துக்கு மேல் கோப்பதில்லை.
வாரம் இருநூறு, சினிமாவுக்குப் போன காசு
திரும்பி வராது என்பதுபோல.
தோற்ற அன்று மறுபடி கட்டுவதில்லை.
கடன் வாங்கிக் கட்டியதில்லை.
ஜெயித்தாலும் தோற்றாலும் நோட்டில் எழுதுவேன்,
ஞாபகம் ஜெயித்ததை மட்டும் வைத்துக்கொள்ளும் என்பதால்.

கணக்குத் தெரிந்தவள், கட்டுப்பாடு உள்ளவள்,
பதினோரு மாதம்.
நேற்று கூட்டிப் பார்த்தேன்:
கழித்தல் இரண்டாயிரத்து நூற்றைம்பது.

நோட்டில் இன்னும் நாலு பக்கம் மிச்சமிருக்கிறது.