ஆறே முக்கால்

ராயபுரம், கல்மண்டபம் பக்கம், இரண்டாம் மாடி.
கிளியரிங் ஏஜென்சி. பதினேழு கணினி,
விரல் வைத்தால் நேரம் குறிக்கும் ஒரு பெட்டி.
திங்கட்கிழமை பாதிப் பேருக்கு நெட் இருந்தது,
மீதிப் பேர் என்னைக் கூப்பிட்டார்கள்.

தேடினால், எண் கொடுப்பவர் இரண்டு பேர்.
முதலாளி அறையில் சர்வர்.
டீ ஃப்ளாஸ்க்குக்குப் பின்னால்
போன வாரம் யாரோ சொருகிய குட்டி ரவுட்டர்.
அதுவும் கேட்டவர்க்கெல்லாம் எண் கொடுத்தது,
வாசலை மட்டும் தப்பாகக் காட்டியது.

"யாருதுன்னே தெரியல மேடம்" என்றார் டெரன்ஸ்.
அதன் வயர் அவர் மேஜைவரை போயிருந்தது.

பிடுங்கியாயிற்று. இனி யார் கொடுப்பது?
"சர்வர்தான். லட்ச ரூபா போட்டு வாங்கினது
சும்மா நிக்குமா?" என்கிறார் முதலாளி.
யாருக்கு எந்த எண் என்று அது அழகாகக் கணக்கு வைக்கும், நிஜம்தான்.
ஆனால் இரவு கடைசியாகப் போகிறவர்
கரண்ட் பில்லுக்குப் பயந்து அதையும் அணைக்கிறார்.
காலையில் அது எழுந்து, அப்டேட் முடித்து, முகம் கழுவ
பதினொரு நிமிடம்.

அந்தப் பதினொரு நிமிடம் ஃபிலோமினாவுடையது.
எண்ணூரிலிருந்து கன்டெய்னர் லாரிகளுக்கு இடையில் புகுந்து
ஆறே முக்காலுக்கு வந்து உட்காருகிறாள்.
அவள் கணினி குரல் கொடுக்கும்: யாராவது இருக்கீங்களா?
நாலு தடவை.
பதில் வராவிட்டால்
தானே ஒரு எண்ணை எழுதி ஒட்டிக்கொள்ளும்,
நூற்று அறுபத்தொன்பதில் தொடங்குவது.
அதை வைத்துக்கொண்டு தெருமுனை தாண்ட முடியாது.

எனக்குத் தெரியும் அந்த எண்ணை.
வீடு மாறி, ரேஷன் கார்டு மாறாத நாலு மாதம்
அதில்தான் குடியிருந்தேன்.

ஆகவே, வாசல் சுவரில் தொங்கும் பெரிய ரவுட்டர்.
உப்புக் காற்றில் திருகாணி துருப்பிடித்தது,
பெரிய புத்தி கிடையாது,
யூபிஎஸ் இருப்பதால் தூங்காது.
கேமராவும் அதில்தான் ஓடுகிறது, எவரும் அணைக்கமாட்டார்கள்.

பிரிண்டருக்கு நிரந்தர எண்:
ஊரே தேடி வரும் ஆள் வீடு மாறக் கூடாது.
மற்றவர்களுக்கு எட்டு மணி நேர லீஸ்.
பாதியிலேயே கேட்டால் மறுபேச்சில்லாமல் நீட்டித்துவிடும்.
"அட்வான்ஸ் ஏத்தாதா?" என்றார் டெரன்ஸ்.
"எங்க ஹவுஸ் ஓனருக்கும் இதையே செட் பண்ணிக் குடுங்க."

செவ்வாய், ஆறு ஐம்பத்திரண்டு.
போன் வரவில்லை.
பத்து மணிக்குத்தான் வந்தது, டெரன்ஸிடமிருந்து:
வாட்ஸ்அப் சுத்திக்கிட்டே இருக்கு மேடம்.