ஒரு 'ஆம்' விழுந்த இடம்

செவுளைத் தூக்கிப் பார்க்காமல்
ஒரு நகரையைக்கூட நான் ஏலம் எடுத்ததில்லை.
பாம்பன் வாடியில் இருபத்திரண்டு வருஷம்.
தண்ணி தெளித்துப் பளபளப்புக் காட்டினாலும்
கண் குழிந்திருந்தால் கூடையைத் தள்ளிவிட்டுப் போவேன்.

அப்படிப்பட்டவள்
செசிலி சொன்னதைப் பேரம் பேசாமல் வாங்கினேன்.
உமரியை அவித்து வெறும் வயிற்றில் குடி,
ஏழே நாள், சர்க்கரை போயே போச்சு,
மாத்திரையைத் தூக்கிக் கடலில் போடு.

கடலில் போடவில்லை.
மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.
என் புத்தி அவ்வளவு தூரம்தான் வேலை செய்தது.

பதினோராம் நாள்
கெளுத்தி முள் குத்தின கால் சீழ் வைத்தது.
மண்டபம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் எழுதிக் காட்டிய எண்ணை
எண்ணிலேயே பிழைக்கிற நான்
இரண்டு தடவை வாசித்தேன்.
முந்நூற்று எண்பத்து நாலு.
அவள் திட்டவில்லை.
பஞ்சைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்:
"யாரு சொன்னா?"

கட்டுப் போட்ட காலோடு செசிலியிடம் போனேன்.
ஐஸ் வண்டி முனியராசு, என்றாள்.
முனியராசு தலையைச் சொறிந்தான்:
"சர்க்கரை போயிருச்சாம்னுதானே சொன்னேன்?"
போயிருச்சாம்.
பாம்பன் பாலத்துக்கும் வாடிக்கும் நடுவில்
எங்கேயோ அந்த 'ஆம்' விழுந்திருக்கிறது.
யாரும் குனிந்து பார்க்கவில்லை.
நானும்தான்.

பஸ் ஏறினேன்.
வேதாளையில் ஹபீப் நிஷா
ஏழு நாளா, பதினைந்து நாளாம், என்றாள்.
பெரியபட்டினத்தில் அவள் மச்சிக்கு
ஒரு மாசம் என்று ஞாபகம்;
போகவில்லையாம், குறைந்ததாம்.
மேற்கே போகப் போக நாள் நீண்டது,
சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

கீழக்கரை மளிகைக்கடையில்
"பெரிய டாக்டரே சொல்லியிருக்காராம்மா."
எந்த டாக்டர்?
"பெரிய டாக்டர்."
பேரு?
அவர் தராசைப் பார்த்தார்.
தராசுக்குப் பக்கத்தில்
காய்ந்த உமரி, பொட்டலம் நாற்பது ரூபாய்.

வாலிநோக்கத்தில் வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தியது.
பாத்தி ஓரமெல்லாம் சிவந்த உமரி.
சண்முகக்கனி வாரிப்பலகையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.
"குணமாச்சா? எனக்கா?"
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
என் மாத்திரையேதான்,
அதே ஊதா அட்டை.
"இதை என்னைக்கு விட்டேன் நான்?
உமரித் தண்ணி நாக்குக்குக் குடிக்கிறது.
மாத்திரை ஒரு நாள் தப்பினா
மம்பட்டி தூக்க முடியாதே, தாயி."

அப்ப அந்தப் பெரிய டாக்டர்?
யோசித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.
"ஊசி போட வந்தாரே, அவரா?
ஆடு உமரி மேயுதே, ஏதும் செய்யுமான்னு கேட்டேன்.
ஒண்ணும் செய்யாதுன்னாரு."
ஆட்டு டாக்டர்.
ஆட்டுக்குச் சொன்னது.

அவளுக்கும் இருநூற்றுப் பத்துதானாம்.
இல்லை, 'தானாம்' இல்லை;
சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

திரும்பும்போது ஊர் ஊராய் இறங்கிச் சொன்னேன்.
கீழக்கரைக்காரர் கேட்டுக்கொண்டார்,
பொட்டலம் கட்டுவதை நிறுத்தவில்லை.
பெரியபட்டினத்தில் டீ கொடுத்தார்கள், சர்க்கரை போட்டு.
வேதாளையில் வீடு பூட்டியிருந்தது.
செசிலி மட்டும் முழுசாய்க் கேட்டாள்,
வாயில் கை வைத்து,
அடிப்பாவி, அடிப்பாவி என்று.

கால் ஆற ஒன்றரை மாசம்.
மறுபடி வாடிக்குப் போன விடிகாலை
தொண்டியிலிருந்து புதிதாய் வந்த பையன்
விளைமீனைக் கொட்டிக்கொண்டே
என் காலைப் பார்த்தான்.
"அக்கா, உமரி கிமரி தின்னுறாதீங்க.
தின்னா காலையே எடுக்கணுமாம்."

யாருடா சொன்னா?

"யாரோ ஜெபமாலையாம்."

செவுளைத் தூக்க நீட்டிய என் கை
அப்படியே நின்றது.
ஜெபமாலை நான்தான்.