வரவு செலவு, இரண்டாம் டிவிஷன், 1966

கணக்கு நோட்டு என்னிடம் வந்ததற்குக் காரணம்
எனக்கு ஆட வராது என்பதுதான்.
முருகன்குறிச்சி யங் ஸ்டார்ஸ்.
மாவட்ட லீக், இரண்டாம் டிவிஷன்.
மூன்றாவதும் ஒன்று உண்டு,
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

அக்டோபரில் வாங்கியது:
ஜலந்தர் தோல்பந்து ஒன்று, இருபத்திரண்டு ரூபாய், பாதி கடன்.
பனியன் பதினொன்றுக்குச் சாயம் ஒன்றரை ரூபாய்.
தாழையூத்தில் முதல் மழைக்கே
நீலம் எல்லோர் இடுப்புக்கும் இறங்கிவிட்டது.
சிமெண்டு ஆலைக்காரர்கள் ஆறு, நாங்கள் பூஜ்யம்.
திரும்பி வர பஸ் இல்லை.
பஸ் செலவு: இல்லை.

தூத்துக்குடி துறைமுகத்தாரோடு நாலுக்கு ஒன்று.
அந்த ஒன்றும் அவர்களே போட்டுக்கொண்டது.
விக்கிரமசிங்கபுரத்தில்
மில் அணியின் காலில் பூட்ஸ் மினுங்கியது.
"நம்மகிட்ட கால் இருக்குல்லா" என்றான் கொம்பையா.
ஐந்துக்கு இரண்டு.
எலுமிச்சம்பழம் எட்டணா, அயோடின் பன்னிரண்டணா.

கொம்பையா பின்வரிசை.
மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்குகிறவன்,
பந்தையும் தார் போலத்தான் பார்ப்பான்:
எங்கே இறக்கணும், அவ்வளவுதான்.
நடுவில் மைதீன் பிச்சை, சைக்கிள் கடை.
காற்றுக்கு அவன் காசு வாங்கியதில்லை.
கோலில் ஞானதிரவியம், தாலுகா ஆபீஸ்.
பந்தானாலும் பைலானாலும்
ஒரே தடவையில் கைக்குள் நிற்காது.

தை பிறந்தது. பதினான்காவது ஆட்டம்.
கால்வாய்க் கரையில் எங்கள் மைதானம்.
ஜெயித்தால் இரண்டாம் டிவிஷனில் தங்கலாம்.
எதிரே ரயில்வேக்காரர்கள்.
முப்பத்தோராம் நிமிடத்தில் மைதீன் பிச்சை போட்டான்,
முழங்காலா தொடையா என்று இன்னும் தகராறு.

எழுபத்தெட்டில்
"நேரத்தக் கடத்துலே" என்று கத்தியது
நான்தான்.
கொம்பையா கடத்தினான்.
அப்படி ஓர் அடி அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை.
உடைமரத்துக்கு மேலே போய்,
கரைக்கு மேலே போய்,
கால்வாயில்.

இரண்டு அணியும் சேர்ந்து ஓடியது.
அந்த வருஷம் நாங்கள் ஒற்றுமையாக ஆடியது
அந்த ஒரு ஓட்டம்தான்.
பந்து தலையாட்டிக்கொண்டே மதகுக்குள் போயிற்று.
துவைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து,
"யாரு வீட்டுத் தேங்காவே போவுது?" என்றார்.

"வேற பந்து?"
ரெப்ரி என்னைப் பார்த்தார்.
நோட்டில் எங்கோ இருப்பதுபோல
நான் பக்கங்களைப் புரட்டினேன்.

ஆட்டம் கைவிடப்பட்டது.
மறு ஆட்டம் புதன்கிழமை.
அவர்கள் மைதானம், அவர்கள் பந்து.
மூன்று பூஜ்யம்.
கொம்பையா வரவில்லை, லோடு வந்திருந்ததாம்.
லோடு புதனில் வராது என்று
எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை.

மாசிக் கடைசியில் ஓர் ஆள்
நொச்சிகுளம் பக்கமிருந்து சைக்கிளில் வந்தார்.
கேரியரில் வைக்கோல் பிரி கட்டி, நடுவில் பந்து.
"அறுப்புக்குத் தண்ணிய வடிச்சோம். மடைல கெடந்துச்சு.
எழுத்துல 'மு' மட்டுந்தான் மிச்சம்.
முன்னீர்பள்ளத்துல கேட்டேன், முத்தூர்ல கேட்டேன்."
அலைந்த கூலி மூன்று ரூபாய் என்றார்.
எழுதினேன். பந்து மீட்பு: ரூ. 3.

தோல் கறுத்திருந்தது, தையலில் பாசி.
மைதீன் பிச்சை பெருவிரலால் அமுக்கினான்,
அமுங்கவில்லை.
தை மாதம் அவன் அடித்த காற்று.
ஒன்றுக்குப் பூஜ்யம் என்று
நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்த காற்று
அப்படியே உள்ளே இருந்தது.

கடை வாசலில் கொஞ்ச நேரம்
கையிலிருந்து கைக்கு அது மாறியது.
யாரும் கீழே போடவில்லை.

கொம்பையா கடைசியாக வாங்கினான்.
காதோரம் வைத்து ஒரு குலுக்கு.
"காத்து கம்மி" என்று
நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான்.
மூன்றாம் டிவிஷன் முதல் ஆட்டம்
ஞாயிற்றுக்கிழமை.