ஒன்பது மீட்டர்

முதலில் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லிவிடுகிறேன்,
அது இறங்கிவிட்டால் மற்ற நாள்கள் லேசு.

நாற்பத்தேழு பேரில் நாற்பத்தொன்றாவது.
எனக்குப் பின்னால் வந்த ஆறு பேரில்
இருவர் பள்ளிப் பிள்ளைகள்,
ஒருத்திக்குக் கணுக்கால் சுளுக்கு.

பாகாவ் தாண்டிச் செம்பனைக் காடு.
காடு என்பது வாய்ப்பழக்கம்;
மரத்துக்கு மரம் ஒன்பது மீட்டர்,
முக்கோணம் முக்கோணமாய் அளந்து நட்டது.
எங்கே நின்றாலும் ஆறு பக்கம் சந்து திறக்கும்,
ஆறிலும் அதே வெளிச்சம்.

திசைகாட்டி இருபது டிகிரி என்றது.
கால் வரிசையைப் பிடித்துக்கொண்டது.
முள் இல்லை, குறுக்கே மட்டை இல்லை,
குலை இறக்கும் பாதை அத்தனை சொகுசு.
அறுபத்து நான்கு இரட்டை எட்டுக்கு நூறு மீட்டர்:
எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது,
போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு.
வரைபடத்தில் ஒரு வாய்க்கால்,
தரையில் ஒரு வாய்க்கால்,
இரண்டுக்கும் நானே முடிச்சுப் போட்டேன்.

பதினெட்டு நிமிடம்.
குலை வெட்டிக்கொண்டிருந்த லொம்போக் பையன்
கத்திக் கழியை மரத்தில் சாய்த்துவிட்டு
மலாயில் கேட்டான்,
'என்ன தொலைச்சீங்க, அக்கா?'
ஆரஞ்சும் வெள்ளையுமாய் ஒரு துணி என்றேன்.
கொடியில் காயப்போட்டது
காற்றில் வந்துவிட்டதென்று நினைத்தான் போல,
அவனும் கூடவே குனிந்து குனிந்து தேடினான்.
வேண்டாம், விதிப்படி தப்பு என்று
நான் மலாயில் சொல் தேடுவதற்குள்
'இதோ!' என்று கத்தினான்.
கொடிதான். என்னுடையதல்ல.
வேறு பிரிவுக்காரர்களுக்கு வைத்தது.
நன்றி சொல்லிவிட்டு ஓடினேன்,
நன்றி சொன்னதுதான் வம்பாயிற்று.

அதற்கு முந்தின சனி இன்னும் கேவலம்.
எங்கள் டவுனுக்குள்ளேயே இரவு ஓட்டம்:
சந்தைக்குப் பின்புறம், மூடிய படக்கொட்டகை,
கண்ணைக் கட்டினாலும் போய்வருவேன் நான்.
ஐம்பத்து நான்கில் குத்த வேண்டிய சிப்பை
நாற்பத்தைந்தில் குத்திவிட்டுச் சிரித்தபடி வந்தேன்.
பட்டியலில் என் பெயருக்கு எதிரே
நேரம் இல்லை, ஒரு கோடு.
பத்தொன்பது வயது ஹமிசா
என்னைப் பார்க்காத மாதிரி
ஷூ நாடாவை இரண்டு முறை கட்டினாள்.

ஆலை எடைமேடையில் பதினோரு வருஷமாக
எண்தான் என் சோறு.
பத்துக் கிலோ பிசகியதில்லை.

நடுவில் பயிற்சி என்று ஒன்று நடந்தது.
செவ்வாய் மழை.
புதன், தண்ணீர்த் தொட்டி மேட்டில் எட்டு ஏற்றம்,
ஐந்தோடு நின்றேன்.
காரணம் கெண்டைக்கால் என்று எழுதினேன்,
மற்றதற்கு நோட்டில் கட்டம் இல்லை.
வெள்ளி ராத்திரி நெற்றிவிளக்கோடு போனபோது
எலிக்காக வைத்த பெட்டியிலிருந்து
ஆந்தை ஒன்று தலையை மட்டும் திருப்பி
என்னை முழுதாக ஒரு சுற்றுப் பார்த்தது.
அதோடு வீடு திரும்பிவிட்டேன்.

ஞாயிறு இரவு
ஊக்கால் காலில் முள் எடுத்துக்கொண்டே
போன வழியைச் சிவப்பில் வரைந்தேன்.
ஸ்கேல் வைத்த மாதிரி, அவ்வளவு நேர்.
போயிருக்க வேண்டிய வழி
எல்லா வரிசையையும் சாய்வாக வெட்டிக்கொண்டு போகிறது.

திங்கள், ஆறு நாற்பது. முதல் லோரி.
ராயப்பன் ஜன்னலுக்குள் கை நீட்டினார்.
மடித்த துணி. ஆரஞ்சு, வெள்ளை,
ஓரத்தில் பனங்காய் எண்ணெய்க் கறை.
'மூணாம் டிவிஷன்ல ஒரு பையன் குடுத்தான், யோகேஸ்.
அக்கா துணிய விட்டுட்டுப் போயிட்டாங்கன்னான்.'

ஏற்பாட்டாளர்கள் நேற்று இருட்டும்வரை
ஒரு கொடி குறைகிறதென்று தேடினார்களாம்.

இருபத்து மூவாயிரத்து நானூற்றுப் பத்து.
எழுதி, கையெழுத்துப் போட்டு, சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
துணியும் சேர்ந்துதான் மேடை ஏறியது.
கழிக்கவில்லை.
பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும்
அது காட்டுவதில்லை.