இரவல் பெயர்

கணினிக்கு ரிமோட் கிடையாது.
தௌனோ அதைத் தன் சொந்தக் குறையாக எடுத்துக்கொண்டான்.
சோபாவிலிருந்து மேசைக்கு ஏழடி.
எண்ணியிருக்கிறேன்;
படத்தை நிறுத்தவும் மறுபடி ஓட்டவும்
எழுந்து போனது எப்போதும் நான்தான்.

ஓலு நகரத்தில் பதினெட்டு யூரோவுக்கு
எல்லாவற்றுக்கும் ஒன்று என்று அட்டையில் போட்ட
ரிமோட் ஒன்று வாங்கி வந்தான்.
கூடவே, கணினியின் முதுகில் செருக
நகமளவு ஒரு கறுப்புக் கண்.

அந்த ரிமோட்டுக்கோ கணினி என்றால் என்னவென்றே தெரியாது.
டிவி தெரியும், டிஷ் தெரியும், டெக் தெரியும்.
பொடி எழுத்தில் நாலு பக்கம் எண்கள்.
"நம் டெக்தான் செத்துவிட்டதே,
அதன் எண்ணை இதற்குக் கொடுத்துவிடலாம்" என்றான்.

நிலவறையில் ஸ்கீ பலகைகளுக்கு அடியில்
அது தலைகீழாகக் கிடந்தது.
அதன் நாலு இலக்கத்தை
எடுத்துக் கணினிக்குச் சூட்டினான்.
அன்றிலிருந்து அந்தப் பெயர் சொன்னால் கணினி எழுந்தது.
ஓடு என்றால் ஓடியது, நில் என்றால் நின்றது.
விசிறி மட்டும் உள்ளே எதையோ முனகிக்கொண்டிருந்தது.

டிசம்பர் மாதக் கெமியில் சூரியன்
கடன்காரனைப்போல வாசல்வரை வந்துவிட்டுப் போகும்.
தௌனோவுக்குப் பனியுடைக்கும் கப்பலில் பத்து நாள்,
வீட்டில் பத்து நாள்.
வீட்டில் என்றால் படம்தான்.
"அணில், அந்தப் போர்வையை எடு" என்பான்.
அணில் நான். பன்னிரண்டு வருடமாக.

ஒரு சனிக்கிழமை அவன் தங்கை இர்யா
பெயர் எழுதாத கேசட் ஒன்றோடு வந்தாள்.
டெக் செத்ததாகச் சொன்னவன் தௌனோ;
வேறு யாரும் நாடி பிடித்துப் பார்க்கவில்லை.
தூசி தட்டிச் செருகினோம்.
முகப்பில் பச்சையாய்ப் பன்னிரண்டு மணி,
பன்னிரண்டு மணி, பன்னிரண்டு மணி.

கணினியில் பாதிப் படம் நின்றிருந்தது:
கதவுக்குப் பின்னால் ஒரு மாலுமி,
கையில் துப்பாக்கி, பிடித்த மூச்சு.
டிவியை டெக் பக்கம் மாற்றிவிட்டு
இர்யா ஓடு பொத்தானை அமுக்கினாள்.

திரையில் உறைந்த ஏரி.
ஒல்லியாய், மீசையோடு தௌனோ
மஞ்சள் காரைப் பனியில் நிறுத்தப் பார்க்கிறான்.
கார் வழுக்குகிறது. மறுபடி. மறுபடி.
கேமரா சிரிப்பில் குலுங்குகிறது.
அவன் கண்ணாடியை இறக்கி
கேமராவைப் பார்த்துக் கத்துகிறான்:
"சிரிக்காதே, அணில்!"

என் தலை தானாகத் திரும்பியது.

அறையில் டெக்கின் கரகரப்பு மட்டும்.
"மர்கேத்தாவா?" என்றேன்.
"துர்குவில் பல் டாக்டராக இருக்கிறாள்" என்றாள் இர்யா,
கேட்காததற்கும் சேர்த்து.
தௌனோ நில் பொத்தானைத் தேடி
ஒலியைக் கூட்டிவிட்டான்.
அந்தப் பெண் இன்னும் பலமாகச் சிரித்தாள்.
நல்ல சிரிப்பு, சொல்லத்தான் வேண்டும்.

இர்யா போனபின் கணினிப் பக்கம் மாற்றினோம்.
கறுப்புத் திரையில் வெள்ளைப் பெயர்கள்
மேலேறிக்கொண்டிருந்தன.
ஒரே எண்ணுக்கு இரண்டும் எழுந்திருக்கின்றன;
நாங்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது
யாரும் பார்க்காமலே மாலுமி
சுட்டிருக்கிறான், அல்லது செத்திருக்கிறான்.
பின்னால் ஓட்டினால்
டெக்குக்குள் கேசட்டும் பின்னால் ஓடுவது கேட்டது.

தௌனோ தரையில் உட்கார்ந்து
பொடி எழுத்துப் புத்தகத்தை விரித்தான்.
"வேறு எண் பார்க்கிறேன்" என்றான்.
"யாருக்கு?"
அவன் நிமிரவில்லை. மூக்குக்கண்ணாடி வேண்டியிருந்தது.
"அண்…" என்று தொடங்கி நிறுத்தினான்.
விசிறி முனகியது.
"ஔனே" என்றான் பிறகு,
பெயர்ப்பலகையைப் படிப்பவனைப்போல.

கண்ணாடி மேசைமேல் இருந்தது.
உடனே எழவில்லை. அப்புறம் எழுந்தேன்.
அவனுடைய ஏழடி எனக்கு எட்டடி.
இத்தனை நாள் தப்பாக எண்ணியிருக்கிறேன்.