இரண்டு பட்டைத் துணி

பத்தூமியில் அன்றும் மழை.
அரங்கின் தகரக் கூரைக்கு அடியில்
கொடியறை என்று அவர்கள் சொல்லும் சந்தில்
நானும் என் இஸ்திரிப் பெட்டியும்
அறுபத்தெட்டு நாடுகளும்.

மடித்து வைத்தால் ஒவ்வொன்றும்
ஒரு ரொட்டி அளவுதான்.
எண்ணெய்க் கிணறுகள் உள்ளதும்
கடலில் மூழ்கிக்கொண்டிருப்பதும்
ஒரே அலமாரியில், அகர வரிசையில்.
சிலவற்றை ஏழாண்டாய்த் தேய்க்கிறேன்,
ஒருமுறையும் ஏற்றியதில்லை.
ஆனாலும் தேய்க்க வேண்டும்.
யார் கண்டது.

ஸாவுரி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.
எடை என்றால் அவனுக்குக் கூலி.
"இத்தனை தூரம் பறந்து வந்து
இரும்பைத் தூக்கிக் கீழே போடுகிறார்களே,
தூக்கியதை யாரும்
எடுத்துக்கொண்டுகூடப் போவதில்லையே" என்பான்.

பதில் தெரியாமல் ஜன்னலில் திராட்சையைக் காட்டினேன்.
எங்கள் பக்கம் அதற்குப் பந்தல் கிடையாது,
மரத்தில் ஏற்றிவிடுவார்கள்.
எந்தக் கொடிக்கும் ஒரு கொம்பு வேண்டும், ஸாவுரி.
நாடு வரைபடத்தில் தரையோடு கிடக்கிறது.
எவனாவது ஒருவன் முதுகை நிமிர்த்தினால்
பற்றி ஏறிக்கொள்கிறது.
அவன் எலும்பிடம் கேட்பதில்லை.

"இது பதில் இல்லை" என்றான்.
இல்லைதான்.

அன்று எழுபத்து மூன்று கிலோப் பிரிவு.
போலந்தின் மிரோன் கடைசி முயற்சியில்
நூற்று எண்பத்தொன்பதைத்
தலைக்கு மேல் கொண்டுபோனான்.
முழங்கை ஒரு நூல் வளைந்தது.
மூன்று விளக்கில் இரண்டு சிவப்பு.
அவன் ஊரில் அந்நேரம் எத்தனை பேர்
நாற்காலியைவிட்டு எழுந்தார்களோ,
எவரும் எழவில்லையோ.
பயிற்சியாளர் வித்தோல்த் மட்டும்
தன் முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

வெண்கலம் இந்தோனேசியாவின் புர்வாந்தோவுக்கு.
ஒரு கிலோ வித்தியாசம்.
ஒரு பை சர்க்கரை.

தங்கம் வென்றவனின் நாட்டுப் பாட்டு தொடங்கியதும்
கயிற்றை இழுத்தேன்.
காற்றில்லாத அரங்கில் கொடிகள் பறப்பதில்லை,
குளித்து முடித்தவன் துண்டுபோல் தொங்கும்.
மூன்றாவதில்
வெள்ளை மேலே, சிவப்பு கீழே.

சிவப்பல்லவா மேலே இருக்க வேண்டும்.

முதலில் கவனித்தது வித்தோல்த்.
தொப்பியைக் கழற்றினார்.
பழக்கம், வேறென்ன.
கழற்றிய பிறகுதான்
தன் பையன் மேடையில் இல்லை என்பது
நினைவுக்கு வந்திருக்கும்.
ஆனால் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.
பாட்டு முடியும்வரை கையிலேயே வைத்திருந்தார்,
சுடுசோற்றுப் பாத்திரத்தைப் பிடிப்பதுபோல.

புர்வாந்தோ அண்ணாந்து பார்த்தான்.
பிரிங்செவுவில் அம்மா
கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பாளே என்று
பதறியதாகப் பிறகு சொன்னான்.
அப்போது செய்தது வேறு:
சிரிப்பு வந்துவிட்டது,
பதக்கத்தால் வாயை மறைத்துக்கொண்டான்.

இறக்கினேன். கை நடுங்கியது.
வேறு தேட நேரமில்லை,
தேடத் தேவையும் இல்லை.
இங்கே எல்லாம் ஒரே அளவில் வெட்டித் தைத்தவை.
வளையங்களை அவிழ்த்து
அதே துணியைத்
தலைகீழாய் மாட்டினேன்.
மூன்றே முக்கால் கோடிப் பேர் இறங்கினார்கள்,
இருபத்தெட்டுக் கோடிப் பேர் ஏறினார்கள்.

எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள்.
எழுதிக் கொடுத்தேன்.

இரவு கொடியறை வாசலில் மிரோன்,
முழங்கையில் பனிக்கட்டிப் பை.
அந்தத் துணியைக் கேட்டான்.
உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்தான்,
தக்காளி வாங்க வந்தவன்போல.
"எத்தனை கிராம்?"
நான் நிறுத்துப் பார்த்ததில்லை.

அடுத்த அறையில்
வீரர்களை நிறுக்கும் தராசு இருந்தது.
வைத்தான்.
பூஜ்யம்.
எடுத்து உதறி, மடித்து, மறுபடி வைத்தான்.
பூஜ்யம்.
குனிந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்,
முறையிட இன்னும் நேரமிருக்கிறது என்பதுபோல.

மழை விடவில்லை.
நாளைக்குப் பெண்கள் பிரிவு.
பதினோரு துணி பாக்கி.