எந்தச் சத்தம்?

வாங்கும்போதே காடிக்கு வயது இருபத்தொன்று.
பெயர் ஈஸ்வரா. வைத்தது கம்பெனி.
ஸ்குரூ வழுக்கும்போதெல்லாம் நானும்
உரக்கவே கூப்பிடுகிறேன்.

முதலில் கூரைத் துணி.
நமுத்த அப்பளமாய்த் தொங்கி
பின்கண்ணாடியில் பாதி வானத்தை மறைத்தது.
பசை பதினெட்டு வெள்ளி என்றான் கடைக்காரன்.
தையல் பெட்டியில் முத்துத்தலைக் குண்டூசி
முப்பத்தேழு கிடந்தன. குத்திவிட்டேன்.
ரொஹானி அண்ணாந்து பார்த்து
நட்சத்திரம் என்றாள்.
எனக்கென்னவோ அம்மை போட்டதுபோல்தான் இருக்கிறது.

இடப்பக்க ஜன்னல் பாதி ஏறி நின்றுவிடும்.
தீபாவளிக்கு மின்சாரம் போன அன்று
மிஞ்சிய மெழுகுவர்த்தியைப் பள்ளத்தில் தேய்த்தேன்.
இப்போது ஏறுகிறது,
மழை நின்ற பிறகு.

அடுத்து கிளவ் பாக்ஸ்.
கையுறை ஆலையில் பத்து வருடம்,
அந்தப் பெட்டியில் ஒரு கையுறை வைத்ததில்லை.
மூடி திறந்து முழங்காலில் இடிக்கும்,
முன்னால் உட்கார ஆள் இருந்தால்.
தலைமுடி ரப்பர் ஒன்று மாட்டினேன்.

இதெல்லாம் ஒரு சனிக்கிழமைக்குள் முடிந்தது.
லொடலொட அப்படி இல்லை.

இரவு ஷிஃப்ட் முடிந்து
ஈஜோக்கிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தைக்குத் திரும்பும் பாதை
(ஊரின் பெயரை மாற்றிப் பலகையும் நட்டார்கள்,
வாய்க்கு அது இன்னும் வரவில்லை).
இரண்டு பக்கமும் செம்பனை கறுப்பாய் நிற்கும்.
நாற்பதைத் தொட்டால்
தகர டப்பாவுக்குள் புளியங்கொட்டை.
அறுபதில் அதற்கு வெறி பிடிக்கும்.
குலை லாரி உதிர்த்த பழத்தில் டயர் ஏறினால்
கையே தட்டும்.

டேஷ்போர்டைக் கழற்றினேன்.
காலண்டர் அட்டை செருகினேன்,
ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை.
ஸ்பீக்கருக்கு சைக்கிள் டியூப்.
சாம்பல் தட்டை எடுத்தே எறிந்தேன்.

ஆ ஹெங் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.
ஆற்றுப் பாலம்வரை போய்த் திரும்பினோம்.
மூச்சு இல்லை.
சத்தம் உன் காதில் என்றார்,
காசு வாங்கவில்லை.
ரொஹானி ஏறினாள். இல்லை.
சிங்கப்பூர் வேலை, ஜொகூரில் வாடகை அறை,
மாதம் ஒரு முறை வருகிற குணாளன்
சீட்டைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டி
எந்தச் சத்தம்? என்றார்.

விருந்தாளி வந்தால் மட்டும்
கை கட்டி நிற்கும் வாண்டுபோல.

ஒரு வெள்ளிக்கிழமை
பத்துக் கிலோ அரிசியை முன் சீட்டில் வைத்து ஓட்டினேன்.
நாற்பது. ஐம்பது. அறுபது.
ஓரமாய் நிறுத்தி
மூட்டையைப் பின்னால் தூக்கிப் போட்டேன்.
கிளப்பினேன். புளியங்கொட்டை.

சீட்டின் தண்டவாளம் தேய்ந்திருக்கிறது.
ஆள் ஏறினால் அமுங்கிவிடும்.
ஆள் இல்லாத சீட்டுதான் இத்தனை நாளும்.

சிரித்தேன். கொஞ்ச தூரம்.
அரிசியை அங்கேயே விட முடியாது,
உலை வைத்தாக வேண்டும்.

ஆலையில் கழித்த கையுறை ஒரு ஜோடி.
ஒரு விரலை வெட்டி
மூன்றாய் மடித்து
வெண்ணெய்க் கத்தியால் தண்டவாளத்துக்குள் நெம்பினேன்.

பதினோரு இரவு.
வளையல் ஸ்டீரிங்கில் உரசுவது
அப்போதுதான் காதில் விழுந்தது.

குணாளன் வந்தார். சீட்டைத் தள்ளினார், நகரவில்லை.
குனிந்து துழாவிப் பிடுங்கினார்.
என்ன குப்பை இது?
ஜன்னலை இறக்கி எறிந்தார்.
மெழுகு போட்ட ஜன்னல்,
வழுக்கிக்கொண்டு இறங்கியது.
நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு பஸ் ஏற்றிவிட்டேன்.
திரும்பும்போது நாற்பதிலேயே
பேச ஆரம்பித்துவிட்டது.

வீட்டில் கத்திரிக்கோல் இருக்கிறது.
இன்னும் ஒன்பது விரல்.